வகுப்பிலை "சைக்கோ" எண்டு பேர் வாங்கின பெடியனும் மொழிபெயர்த்த கேள்வித்தாளும்

பாலைநிழல் | ஞாயிறு, இரவு 8.40

வணக்கம். வன்னியிலை ஒரு கிராமப் பள்ளிக்கூடத்திலை தரம் 9 வகுப்பாசிரியை நான். இரண்டு கிழமையாய் ஒரு விசயம் நித்திரை கொள்ள விடுகுதில்லை, அதுதான் இங்கை எழுதுறன்.

போன தவணை வெளியிலையிருந்து ஒரு குழு வந்து பிள்ளையளுக்கு ஒரு கேள்வித்தாள் குடுத்தவை. இங்கிலீசிலையிருந்து தமிழாக்கினது. 24 வசனம், ஒவ்வொண்டுக்கும் "துப்புரவாய்ப் பொருந்தாது" தொடங்கி "முழுக்கப் பொருந்தும்" வரைக்கும் நாலு கட்டம். வளர்ற பிள்ளையளிட்டை இரக்கமின்மை, உணர்ச்சியின்மை எவ்வளவு இருக்கெண்டு பாக்கிறதாம். முடிவு வந்தபோது என்ர வகுப்புப் பெடியன் ஒருத்தன்ர பேருக்கு நேரே சிவப்பு மையாலை கோடு. அந்தத் தாள் ஒரு நாள் முழுக்க மேசையிலை திறந்தபடி கிடந்தது. அடுத்த நாள் காலமை வகுப்புக்குள்ளை போறன், கரும்பலகையிலை அவன்ர பேருக்குப் பக்கத்திலை "சைக்கோ".

அவனைப் பற்றி நான் பொய் சொல்லக் கூடாது. இல்ல விளையாட்டுப்போட்டிப் பயிற்சியிலை ஒரு பிள்ளை ஓடிவந்து கம்பிக்கட்டையிலை விழுந்து கை கிழிஞ்சுபோச்சு. எல்லாரும் கத்துதுகள், ஒரு பெட்டை மயங்கியும் விழுந்திட்டாள். இவன் ரண்டடி தள்ளி நிண்டு பாத்தான். பிறகு மரத்தடியிலை போய் இருந்து சப்பாத்து லேசை அவிட்டுத் திரும்பக் கட்டினான். பேசினால் தலையைக் குனிஞ்சுகொண்டு நிப்பான், வாயிலை ஒரு சின்னச் சிரிப்பு ஓடும். அந்தச் சிரிப்பைப் பாத்து எனக்கே ஒருக்கால் கோவம் தலைக்கேறினது.

ஆனால் தாள் நிரப்பேக்கை நானும் வகுப்புக்குள்ளை நிண்டனான். "குற்ற உணர்வு" எண்டு ஒரு சொல் இருந்தது. ஒரு பிள்ளை எழும்பி, "பொலிசு பிடிக்கேக்கை வாற உணர்வோ?" எண்டு கேட்டது. கொண்டுவந்தவர் "உங்களுக்கு விளங்கின மாதிரிப் போடுங்கோ" எண்டிட்டார். அப்பிடி நிரப்பின தாளை வைச்சு ஒரு பிள்ளையின்ர நெஞ்சை அளக்கேலுமோ? ஸ்வீடனிலையோ அமெரிக்காவிலையோ இருக்கிற 14 வயசுக்காரனும் எங்கட 14 வயசுக்காரனும் ஒரே கட்டத்திலை புள்ளடி போட்டால் ரண்டு பேரும் ஒண்டோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

நடத்துநர் | ஞாயிறு, இரவு 9.05

ஊர், பள்ளிக்கூடம், பிள்ளையின்ர பேர் ஒண்டும் ஒருத்தரும் எழுதவேண்டாம். ஊகிச்சும் எழுதவேண்டாம். எழுதினால் அழிப்பன்.

நந்திக்கடல்காத்து | ஞாயிறு, இரவு 10.20

ரீச்சர், எனக்குப் படிப்பு விளக்கம் தெரியாது. என்ர கதையைச் சொல்லுறன்.

2009இலை, கடைசி யுத்த நேரம், எனக்குப் 12 வயசு. மாத்தளனிலை கஞ்சிக்கு வரிசையிலை நிண்டனான். மாமா தண்ணிக்குப் போன இடத்திலை ஷெல் விழுந்திட்டுது எண்டு ஒரு அண்ணை ஓடிவந்து சொன்னவர். நான் வரிசையை விடேல்லை. எனக்கு முன்னாலை இன்னும் ஏழெட்டுப் பேர்தான். கஞ்சியை வாங்கிக்கொண்டு போய் அம்மாவுக்கும் தம்பிக்கும் ஊத்திக் குடுத்து, என்ர பங்கையும் குடிச்சுப்போட்டுத்தான் மாமாவைப் பாக்கப் போனனான். அழேல்லை. பங்கருக்குள்ளை அழுதால் அம்மா வாயைப் பொத்துவா. அழாமல் இருக்கிறதுதான் அப்ப நல்ல பிள்ளைக்கு அடையாளம்.

பிறகு மெனிக்பாம் முகாமிலையும் அழேல்லை. 2013இலை, ஊருக்குத் திரும்பி வந்தாப்பிறகு, ஒரு பின்னேரம் கிணத்திலை தண்ணி அள்ளேக்கை கயிறு அறுந்து வாளி உள்ளுக்கை விழுந்திட்டுது. கிணத்துக்கட்டிலை இருந்து பொழுதுபடும் வரைக்கும் அழுதனான். அம்மா வாளிக்கு அழுறன் எண்டு நினைச்சு, "புது வாளி வாங்கலாம் பிள்ளை" எண்டவ.

மாத்தளனிலை ஆரும் அந்தக் கேள்வித்தாளை என்ர கையிலை தந்திருந்தால் எல்லா வசனத்துக்கும் உச்சப் புள்ளி எடுத்திருப்பன். உங்கட பெடியன் சிரிக்கிறான் எண்டியள். எனக்கும் அந்தச் சிரிப்பு வாறது. பேச்சு வாங்கேக்கை முகத்தை என்ன செய்யிறது எண்டு தெரியாமல் வாறது அது.

துலாமிதி | திங்கள், காலை 6.15

ரீச்சர், நான் உளவியல் படிச்சிட்டு வவுனியாப் பக்கம் வேலை செய்யிறன். நீங்கள் சொல்லுறது அனேகமாய் போல் ஃபிரிக் எண்ட அமெரிக்க ஆய்வாளர் 2004இலை அமைச்ச அளவுகோல்தான். 24 வசனம், ஒவ்வொண்டுக்கும் 0 தொடங்கி 3 வரை. அதுக்குள்ளை மூண்டு பகுதி இருக்கு: இரக்கமின்மை, அக்கறையின்மை, உணர்ச்சியை வெளிக்காட்டாமை. இந்த மூண்டாவது பகுதியிலைதான் எங்கட பிள்ளையள் மாட்டுப்படுறது. "என்ர உணர்ச்சியை மற்றவைக்குக் காட்டுறேல்லை" எண்ட மாதிரி வசனத்துக்கு எங்கட பெடியன் ஒருத்தன் "முழுக்கப் பொருந்தும்" எண்டு போட்டால், அவன் தன்னை வளர்ப்பிலை நல்லவன் எண்டு சொல்லுறான். அங்கை அது குறை, இங்கை அது அடக்கம்.

இன்னொண்டும் பாவனையிலை இருக்கு. ஸ்வீடனிலை அண்டர்ஷெட்டும் கூட்டாளியளும் 2002இலை கொண்டுவந்தது. 50 வசனம். தன்னைப் பெரிசாய்க் காட்டி மற்றவையை ஏய்க்கிறது ஒரு பக்கம், ஈரமில்லாத நெஞ்சு இன்னொரு பக்கம், யோசிக்காமல் பொறுப்பில்லாமல் நடக்கிறது மூண்டாவது பக்கம். இந்த மூண்டும் ஒருத்தனிட்டைச் சேர்ந்து, கனகாலம் மாறாமல் இருந்தால்தான் கவலைப்படவேணும். ஒண்டை மட்டும் பிடிச்சுக்கொண்டு பேர் வைக்கேலாது.

பண்பாட்டு வித்தியாசம் எண்டால் சனம் "அந்த நாட்டுப் பிள்ளையள் கூட, இந்த நாட்டுப் பிள்ளையள் குறைய" எண்டு புள்ளியை நேராய் ஒப்பிடப் பாக்குது. அதுக்கு முதல், ஒரே புள்ளி ரண்டு இடத்திலையும் ஒரே பொருளைத்தான் சொல்லுதோ எண்டு பாக்கவேணும். வயசு வந்த ஆக்களிலை இதை வடிவாய்க் காட்டினது டேவிட் குக்கும் கிறிஸ்டீன் மிச்சியும், 1999இலை. ரொபேட் ஹெயர் எண்ட கனடா உளவியலாளரின்ர பட்டியலிலை 40க்கு 30 எடுத்தால் வட அமெரிக்காவிலை சைக்கோபதி, அதாவது இரக்கமும் குற்ற உணர்வும் இல்லாத ஆளுமை, எண்டு எடுப்பினம். அவை கணக்குப் பாத்தபோது அங்கை 30 எடுக்கிற ஒருத்தன்ர அதே அளவு குணம் ஸ்கொட்லாந்துச் சிறையிலை 25 புள்ளியாய்த்தான் வெளியிலை தெரிஞ்சுது. ரண்டு இடத்திலையும் கதைக்கிறது இங்கிலீசுதான். அங்கையே ஐஞ்சு புள்ளி நழுவுதெண்டால், தமிழுக்கு மாத்தி, வன்னிக்குள்ளை கொண்டுவந்து, "குற்ற உணர்வு" எண்டால் என்ன எண்டும் சொல்லிக் குடுக்காமல் எடுத்த புள்ளியை என்னெண்டு நம்புறது?

அதோடை, 18 வயசுக்குக் கீழை ஒருத்தரையும் சைக்கோபதி எண்டு பேர் சொல்லி முத்திரை குத்துறேல்லை. 2013இலை வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டிலைகூட நடத்தைக் கோளாறுக்கு ஒரு துணைக்குறிப்பாய்த்தான் இந்த ஈரமில்லாத குணம் இருக்கு. அதுக்கும் குறைஞ்சது 12 மாதம், வீடு பள்ளிக்கூடம் எண்டு ஒண்டுக்கு மேற்பட்ட இடத்திலை, பலபேர் சொன்ன தகவலோடை பாக்கவேணும். ஒரு நாள் ஒரு தாளிலை புள்ளடி போட்டது போதாது.

முறிகண்டியார் | திங்கள், மதியம் 1.30

நான் ஓய்வுபெற்ற அதிபர். தம்பி துலாமிதி நல்லாய் எழுதியிருக்கிறீர். எண்டாலும் ஒரு கேள்வி. எல்லாத்தையும் பண்பாடு, யுத்தம் எண்டு சொல்லித் தள்ளிவிட்டால் உண்மையிலேயே ஈவிரக்கமில்லாத பிள்ளை ஒண்டும் எங்கட சனத்துக்கை பிறக்கிறேல்லையோ? முப்பது வருசம் படிப்பிச்சவன் நான். ஆயிரக்கணக்கிலை பிள்ளையளைப் பாத்தாச்சு. ரண்டு மூண்டு பேரை நினைச்சால் இப்பவும் நெஞ்சு பகீரெண்ணும்.

எங்கட மொழியிலையும் சொல் இருக்குத்தானே. கல்நெஞ்சன், ஈவிரக்கமில்லாதவன், அமுசடக்கன், நெஞ்சழுத்தக்காரன். இதிலை நெஞ்சழுத்தம் எண்ட சொல்லைப் பாருங்கோ. "அவனுக்கு நல்ல நெஞ்சழுத்தம்" எண்டு திட்டவும் செய்வம், மெச்சவும் செய்வம். செத்தவீட்டிலை அழாமல் நிண்டு காரியம் பாத்த மூத்த மகனுக்கும் அந்தச் சொல்தான், தாயைத் தெருவிலை விட்டவனுக்கும் அந்தச் சொல்தான். அந்தத் தாளைத் தமிழாக்கினவை இதை யோசிச்சிருக்க மாட்டினம்.

மற்றது, எங்கட காலத்திலை இப்பிடியான பெடியளைப் பிரம்பாலைதான் வழிக்குக் கொண்டுவந்தனாங்கள். இப்ப அதுவும் இல்லை.

துலாமிதி | திங்கள், மதியம் 2.50

சேர், உங்கட முதல் கேள்வி சரியான கேள்வி. ஜேன் மேர்பி எண்ட மானிடவியலாளர் பெரிங் நீரிணைப் பக்கத்து யூப்பிக் எண்ட ஆதிக்குடிச் சனத்திட்டை இதைப் பற்றிக் கேட்டு 1976இலை எழுதினவ. அவையிட்டை "குன்லங்கெற்றா" எண்டு ஒரு சொல் இருந்தது. என்ன செய்யவேணும் எண்டு மனசுக்குத் தெரியும், ஆனால் செய்யமாட்டான். ஓயாமல் பொய், களவு, ஏமாத்து, பேச்சுக்கும் அசையாதவன். நைஜீரியாவிலை யொருபா சனத்திட்டையும் கிட்டத்தட்ட அதே பொருளிலை "அரன்கன்" எண்டு ஒரு சொல். இரண்டு சனமும் இதை வருத்தம் எண்டு வைத்தியரிட்டைக் கொண்டுபோற பழக்கமில்லை. மருத்துவ நூலையே காணாத சனத்துக்கும் ஆளைத் தெரிஞ்சிருக்கு. ஆகவே இந்தக் குணம் எல்லா மண்ணிலையும் இருக்கு. மண்ணுக்கு மண் மாறுறது அது போட்டுக்கொண்டு வாற உடுப்பு.

பிரம்பு விசயத்திலை நான் உங்களோடை ஒத்துப்போகேல்லை, குறை நினையாதேங்கோ. உண்மையிலேயே ஈரம் குறைஞ்ச பிள்ளைக்குத் தண்டனை மற்றப் பிள்ளைக்கு உறைக்கிற மாதிரி உறைக்காது. அவுஸ்திரேலியாவிலை ஹோஸும் டட்ஸும் 2005இலை பாத்தது இதுதான்: தண்டிச்சுத் தனியாய் இருத்திறது அந்தப் பிள்ளையளிலை வேலை செய்தது குறைவு, நல்லதுக்குப் பாராட்டிப் பரிசு குடுத்தது மற்றப் பிள்ளையளிலை போலவே வேலை செய்தது. அடிபட்டு விறைச்சுப்போன பிள்ளைக்கு இன்னும் அடிச்சால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பனிக்காட்டான் | திங்கள், இரவு 11.55

கனடாவிலை ஒரு பள்ளிக்கூடத்திலை உதவியாளராய் இருக்கிறன். ஒரு விசயம் மட்டும். இங்கை எங்கட பிள்ளை ஒண்டு பேச்சு வாங்கேக்கை நிலத்தைப் பாத்தால் "கண்ணைப் பாக்கிறானில்லை, வருத்தப்படுறானில்லை" எண்டு குறிப்பு எழுதுவினம். அதே பிள்ளை கண்ணை நிமித்திப் பாத்தால் வீட்டிலை தேப்பன் "என்ன முழிசிப் பாக்கிறாய்" எண்டு பேசுவார். பிள்ளைக்கு ரண்டு பக்கமும் இடி.

துலாமிதி | செவ்வாய், காலை 6.00

பனிக்காட்டான் அண்ணை, நீங்கள் சொன்ன கண் விசயம் ஆய்விலையும் முக்கியமானது. 2006இலை டட்ஸும் கூட்டாளியளும் பெடியளுக்கு முகப் படங்களைக் காட்டிப் பாத்தவை. இந்தக் குணம் கூடின பெடியள் பயந்த முகத்தை அடையாளம் காணத் தடுமாறினவை. "கண்ணைப் பாருங்கோ" எண்டு சொன்னவுடனை அந்தத் தடுமாற்றம் குறைஞ்சுது. அவை கண்ணைப் பாக்காதது கவனம் அங்கை போகாததாலை. எங்கட பிள்ளை பாக்காதது மரியாதையாலையும் பயத்தாலையும். வெளியிலை நிண்டு பாக்கிற ஆளுக்கு ரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். கூட இருந்து பழகினால்தான் பிரிச்சறியலாம்.

பேர்வேண்டாம் | செவ்வாய், இரவு 9.30

இதை எழுதுறதா விடுறதா எண்டு இரண்டு நாளாய் யோசிச்சனான்.

என்ர மகனுக்கு இப்ப 19. ஊரிலை கேட்டால் தங்கமான பிள்ளை எண்டுதான் சொல்லுவினம். வயசுபோன ஆக்களைக் கண்டால் சைக்கிளாலை இறங்கி நடப்பான். கோயில் திருவிழாவிலை தண்ணிப்பந்தலிலை முன்னுக்கு நிப்பான். ரீச்சர்மாருக்கு அவனெண்டால் உயிர்.

14 வயசிலை அம்மம்மான்ர தோட்டை எடுத்து வித்துப்போட்டான். வீட்டுக்கு வேலி அடைக்க வந்த ஒரு ஏழைப் பெடியன்தான் எடுத்தவன் எண்டு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுது சொன்னவன். கண்ணீர் சொட்டுச் சொட்டாய் விழுந்தது, நானும் நம்பினனான். ஆக்கள் அந்தப் பெடியனைப் பூவரச மரத்தோடை கட்டிவைச்சு அடிச்சவை. என்ர மகன் வேலியடியிலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தவன். அண்டிரவு ரண்டாந்தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டு நல்ல நித்திரை. தோடு வித்த துண்டை மூண்டு நாளைக்குப் பிறகு அவன்ர காற்சட்டைப் பைக்குள்ளை கண்டனான். கேட்டன். "அதுக்கு இப்ப என்னம்மா, அவனுக்குக் காயம் மாறியிட்டுதுதானே" எண்டான்.

பள்ளிக்கூடத்திலை போய்ச் சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை. "தகப்பன் இல்லாத பிள்ளை, நீங்கள் கடுமையாய் இருக்காதேங்கோ" எண்டு எனக்குத்தான் புத்தி சொன்னவை. அந்தத் தாளை அவனுக்குக் குடுத்திருந்தால் எல்லாத்துக்கும் நல்ல பிள்ளையாய்ப் புள்ளடி போட்டு வந்திருப்பான். கேக்கிற ஆளுக்கு என்ன பிடிக்கும் எண்டு அவனுக்குத் தெரியும்.

யுத்தத்தாலை, பண்பாட்டாலை எண்டு எழுதுற ஆக்களோடை எனக்குக் கோவமில்லை. ஆனால் என்ர பிள்ளை விசயத்திலை அந்தக் கதையைச் சொல்லித்தான் எல்லாரும் என்னை ஐஞ்சு வருசம் வாயடைக்க வைச்சவை.

நந்திக்கடல்காத்து | செவ்வாய், இரவு 10.10

அக்கா, வாசிச்சிட்டு நெடுநேரம் ஒண்டும் எழுத வரேல்லை. அந்த வேலி அடைச்ச பெடியனை நினைச்சும் அழுகை வருது, உங்களை நினைச்சும் வருது. நான் எழுதினதாலை உங்கட வாயை இன்னொருக்கால் அடைச்சிருந்தால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

துலாமிதி | புதன், காலை 5.40

அம்மா, நீங்கள் எழுதினதுதான் இந்த இழையிலை ஆகப் பெரிய விசயம். நான் ஒரு பக்கத்தை மட்டும் பாத்திட்டன். அளவுகோல் எங்கட மண்ணிலை இரண்டு விதமாய்ப் பிழைக்குது. வாய் திறவாத பெடியனைப் பிடிச்சு உள்ளுக்கை போடுது, மரியாதை தெரிஞ்ச பெடியனைக் கைகாட்டி வெளியிலை விடுது.

குக்கும் மிச்சியும் ஒரு விளக்கம் சொன்னவை. தனியாள் முன்னுக்கு வரவேணும் எண்டு போட்டிபோடுற சமூகத்திலை இந்தக் குணம் தற்பெருமையாய், தேனொழுகும் பேச்சாய் வெளியிலை வருமாம். அப்பிடிப் பெருமை அடிக்கிற பிள்ளையை எங்கட ஊரிலை ஒருத்தருக்கும் பிடிக்காது. அப்ப ஏய்க்கத் தெரிஞ்ச பிள்ளை இங்கை என்ன செய்யும்? சைக்கிளாலை இறங்கி நடக்கும். சைக்கோபதி உள்ள ஆள் வெளித்தோற்றத்திலை முழுச் சுகமாய்த் தெரிவான் எண்டு கிளெக்லி எண்ட அமெரிக்க உளமருத்துவர் 1941இலையே எழுதினவர். எந்த ஊரிலை எதைச் சுகம், நல்லது எண்டு சொல்லுவினமோ அதைத்தானே அவன் போட்டுக்கொள்ளுவான்.

நித்திரை விசயம் எழுதினீங்கள். அதே 1941இலை கார்ப்மன் எண்ட வைத்தியர் இரண்டு வகை பிரிச்சவர். ஒண்டு பிறப்பிலேயே பயமும் பதட்டமும் குறைஞ்சது. மற்றது பட்ட அடியாலை உள்ளுக்கை பதட்டத்தை வைச்சுக்கொண்டு வெளியிலை விறைச்சுப்போனது. பின்னை வந்த ஆய்வுகள் இரண்டாவது வகைப் பிள்ளையளிட்டைக் கொடுமைப்பட்ட கதையளும் ஏக்கமும் கூட இருக்கிறதைக் காட்டினது. நந்திக்கடல்காத்துவின்ர வாளிக் கதையையும் அம்மான்ர கதையையும் பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ. தாளிலை ரண்டும் ஒரே புள்ளி எடுக்கலாம், தேவைப்படுற உதவி வேறை வேறை.

யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இலை கூட்டு மனவடுவைப் பற்றி எழுதேக்கை, தனி ஆளை மட்டும் பாத்தால் காணாது, குடும்பமும் ஊரும் என்னவாய் உடைஞ்சிருக்கு எண்டு பாக்கவேணும் எண்டவர். இது ரீச்சரின்ர பெடியனுக்கும் பொருந்தும். அவன் யுத்தத்துக்குப் பிறகு பிறந்தவனாய் இருந்தாலும் அவனை வளர்த்த ஆக்கள் அதுக்குள்ளாலை வந்த ஆக்கள்.

அம்மா, 19 எண்டாப்போலை முடிஞ்சுபோச்செண்டு நினையாதேங்கோ. 13 வயசிலை அளந்த பெடியளை 24 வயசிலை திரும்ப அளந்து பாத்த அமெரிக்க ஆய்விலை தொடர்பு மிதமாய்த்தான் இருந்தது. கூடின புள்ளி எடுத்த எல்லாரும் அப்பிடியே நிக்கேல்லை. ஆனால் தனிய நீங்கள் சுமக்கேலாது. 1926 தேசிய மனநல உதவி இலக்கம், அதோடை மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. முதல் உங்களுக்காகப் போங்கோ.

முறிகண்டியார் | புதன், மாலை 4.15

மகள் பேர்வேண்டாம், அண்டைக்கு உங்களுக்குப் புத்தி சொன்ன ஆக்களிலை நானும் ஒராளாய் இருந்திருக்கலாம். எந்தப் பள்ளிக்கூடம் எண்டு நான் கேக்கேல்லை. அப்பிடி எத்தினையோ தாய்மாருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறன். பிரம்பு எண்டு எழுதினதையும் திருப்பி எடுக்கிறன்.

பாலைநிழல் | வெள்ளி, இரவு 9.00

எல்லாரும் எழுதினதை மூண்டு தரம் வாசிச்சன். நேற்றுப் பின்னேரம் அவன்ர வீட்டை போனனான்.

அம்மம்மாவோடை இருக்கிறான். தாய் குவைத்திலை. தேப்பன் இல்லை. இரவிலை இரண்டு மூண்டு தரம் எழும்பிப் படலைக் கொளுக்கி போட்டிருக்கோ எண்டு பாத்திட்டுத்தான் படுப்பானாம். நான் போன நேரம் பின்வளவிலை ஒரு மாட்டுக்கண்டின்ர புண்ணுக்கு வேப்பெண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். கண்டு உதைச்சுது, இவன் காலைப் பிடிச்சுக்கொண்டு "சரி சரி" எண்டு ஏதோ சொன்னான். இதை வைச்சு அவன் நல்லவன் எண்டு முடிவு கட்ட மாட்டன். பேர்வேண்டாம் அக்கா எழுதினதுக்குப் பிறகு எனக்கு அந்த அவசரம் போட்டுது. இரத்தம் பாத்துக்கொண்டு ஏன் அப்பிடி நிண்டாய் எண்டு கேட்டன். கையிலை எண்ணெயைத் துடைச்சுக்கொண்டு, "ஓடிப்போனால் எனக்கும் கைகால் நடுங்கும் ரீச்சர், அதுதான் லேசைக் கட்டினனான்" எண்டான்.

அந்தத் தாளை என்ர அலுமாரியிலை பூட்டி வைச்சிட்டன். வகுப்பிலை அந்தச் சொல்லை இனி ஆரும் சொல்லக் கூடாது எண்டும் சொன்னன், சொல்லுறதை நிப்பாட்ட இன்னும் நாள் எடுக்கும். வாற வியாழன் அம்மம்மாவையும் அவனையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போறன். துலாமிதி தம்பி, அங்கை என்னென்ன கொண்டுபோகவேணும் எண்டு உள்பெட்டியிலை எழுதிவிடுங்கோ.

வெளிக்கிடேக்கை படலை வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். நிலத்தைப் பாத்துக்கொண்டு கேட்டான், "ரீச்சர், அந்தத் தாளிலை நான் பெயிலோ?"